கிளை அஞ்சலகத்தில் தபால் பட்டுவாடா வேலைக்குப் புதிதாகச் சேர்பவருக்கு

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தயாரிக்கப்படும் பட்டியலில் பெயர் வந்து, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்து, கிராமிய அஞ்சல் ஊழியர் என்ற நியமன ஆணை கைக்கு வந்த பிறகுதான், நாளைக் காலையில் அந்த ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது. எழுத்துத் தேர்வு இல்லாத வேலை என்பதால் இதற்கென்று உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு. துறை தரும் பயிற்சியில் படிவங்களும் கைபேசிச் செயலியும் சொல்லித் தரப்படுகின்றன. ஊரும் ஆட்களும் அங்கே சொல்லித் தரப்படுவதில்லை. தமிழ்நாட்டின் கிராமத்துக் கிளை அஞ்சலகம் ஒன்றில் உதவிக் கிளை அஞ்சல் அலுவலராகச் சேர்ந்து, நாள்தோறும் தபாலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஒரே ஊழியர் இருக்கும் அஞ்சலகத்தில் கிளை அஞ்சல் அலுவலரே பட்டுவாடாவையும் பார்ப்பதால், அவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வேலையின் நிபந்தனைகளை ஆணையில் ஒருமுறைக்கு இருமுறை படித்துக்கொள்ளுங்கள். இது நிரந்தர அரசு ஊழியரின் மாதச் சம்பளம் அன்று. ஒரு நாளில் எத்தனை மணி நேர வேலை என்பதைக் கணக்கிட்டுத் தரப்படும் படி. 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, உதவிக் கிளை அஞ்சல் அலுவலருக்கு 4 மணி நேரத்துக்கு 10,000 ரூபாயும் 5 மணி நேரத்துக்கு 12,000 ரூபாயும், கிளை அஞ்சல் அலுவலருக்கு முறையே 12,000, 14,500 ரூபாயும் தொடக்கத் தொகைகள். இவற்றின்மேல் அகவிலைப்படியும் ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்வும் உண்டு. 65 வயது வரை பணியில் இருக்கலாம். குடும்பத்துக்கு இதைத் தவிர வேறொரு வருமானமும் இருக்க வேண்டும் என்பதே விதிகளின் எதிர்பார்ப்பு. ஆகவே நிலமோ கடையோ தையலோ கையிலிருப்பதை விட்டுவிட்டு வராதீர்கள். சில ஆண்டுகள் பணியாற்றியபின் துறைத் தேர்வு எழுதி நிரந்தரத் தபால்காரராகும் வழி இருக்கிறது என்பதால், முதல் நாளிலிருந்தே விதிகளைப் படித்துவருவது பின்னாளில் கைகொடுக்கும்.

முதல் வாரம்: ஊரைக் கற்றல்

பொறுப்பேற்கும் நாளுக்கு முன்பே ஒருமுறை அந்த ஊருக்குப் போய்விட்டு வருவது நல்லது. நீங்கள் சேரும்வரை பெரும்பாலும் ஒரு மாற்றாளோ பக்கத்து அஞ்சலக ஊழியரோ அந்தப் பட்டுவாடாவைப் பார்த்திருப்பார். அவரோடு ஒரு வாரம் கூடவே நடந்துவிடுங்கள். எந்தத் தெரு எங்கே முடிகிறது, மழைக்காலத்தில் எந்த வண்டிப்பாதை மூழ்கும், எந்த வீட்டில் பகலில் ஆள் இருக்காது, தோட்டத்து வீடுகளுக்குக் குறுக்குவழி எது என்பவையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் கால்களில் இருக்கின்றன. அவர் சொல்வதை அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். தெருவின் அரசுப் பெயர் ஒன்றாகவும் மக்கள் வழங்கும் பெயர் வேறாகவும் இருக்கும். கடிதத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் வரும். மூன்றையும் ஒரே வரியில் எழுதிவைத்துக் கொள்ளுங்கள்.

ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான அந்த எண்ணில் முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளத்துக்கு 6. முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கப்படும் மாவட்டத்தைக் காட்டுகின்றன: 600 என்றால் சென்னை, 625 என்றால் மதுரை, 643 என்றால் நீலகிரி. கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா அலுவலகத்தைக் காட்டுகின்றன. ஆனால் கிளை அஞ்சலகங்களுக்குப் பெரும்பாலும் தனி எண் கிடையாது; அவை சார்ந்திருக்கும் துணை அஞ்சலகத்தின் எண்ணையே பகிர்ந்துகொள்கின்றன. ஒரே எண்ணின் கீழ் பத்துக் கிராமங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று புதுப்பட்டியாகவும் அடுத்தது புதூராகவும் இருக்கலாம். உறையில் ஊர்ப் பெயரை அவசரத்தில் தவறாக வாசித்தால் கடிதம் பக்கத்து ஊர்ப் பைக்குள் போய் இரண்டு நாள் சுற்றிவிட்டு வரும். எண் தபாலைத் துணை அஞ்சலகம் வரை கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து வாசல் வரைக்கும் மனிதர்தான் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது பெயர். நம் ஊர்களில் ஒரே தெருவில் நான்கு முருகேசன்கள் இருப்பது புதிதன்று. அவர்களைப் பிரித்துக் காட்டுவது தலைப்பெழுத்து மட்டுமே, அதுவும் ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும் தமிழில் ஒருவிதமாகவும் வரும். ‘க. முருகேசன்’ என்று தமிழில் எழுதியிருந்தால் அவர் தந்தை கணேசனாகவும் இருக்கலாம், கந்தசாமியாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் அவையிரண்டும் வெவ்வேறு எழுத்துகள். ‘ப’வும் ‘த’வும் ‘ச’வும் இப்படியே. வங்கி அட்டையில் ஆங்கில எழுத்தும் ஊராட்சி அறிவிப்பில் தமிழ் எழுத்துமாக ஒருவருக்கே இரண்டு விதமாகத் தபால் வரும். திருமணமான பெண்களுக்கு முன்பு தந்தையின் எழுத்தும் பின்பு கணவரின் எழுத்தும் வருவதும் உண்டு. ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேராகத் தந்தை பெயர், கணவர் பெயர், ஊரில் வழங்கும் பட்டப்பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். ‘டெய்லர்’ என்றும் ‘மேஸ்திரி’ என்றும் அழைக்கப்படுகிறவரின் இயற்பெயர் அவர் பக்கத்து வீட்டாருக்கே தெரியாமல் இருக்கும். தபால்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தக் குறிப்பேட்டை வேறு எவரிடமும் காட்டக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பை வந்ததிலிருந்து புறப்படும் வரை

கணக்கு அலுவலகத்திலிருந்து, அதாவது உங்கள் கிளை அஞ்சலகம் சார்ந்திருக்கும் அஞ்சலகத்திலிருந்து, வரும் பையை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கட்டும் முத்திரையும். அவை சிதைந்திருந்தால் பையைப் பிரிப்பதற்கு முன்பே அதைக் குறித்துக்கொண்டு கணக்கு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்; பிரித்தபின் சொன்னால் அந்தப் பேச்சுக்கு வலு இல்லை. உள்ளே வந்திருக்கும் பணம், தபால்தலை, பதிவு செய்த உருப்படிகள் எல்லாவற்றையும் பையோடு வரும் சீட்டுடன் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். விரைவுத் தபாலின் பட்டைக்குறியீட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஒன்பது எண்கள், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் என மொத்தம் 13 இருக்கும். துறை தந்த கைபேசிக் கருவி அதை வாசிக்க மறுத்தால் கையால் தட்டும்போது ஓர் எண் மாறிப் போவது அடிக்கடி நிகழும் பிழை. ஆகவே எண்ணைத் தட்டியபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

தேதி முத்திரையில் தேதியை மாற்றுவதும், மாற்றியபின் ஒரு தாளில் குத்திப் பார்ப்பதும் காலையின் முதல் வேலை. சிறிய காரியம்போலத் தெரியும். ஆனால் வேலைக்கான அழைப்புக் கடிதம் தாமதமாக வந்து நேர்காணலைத் தவறவிட்ட ஓர் இளைஞருக்கு, அந்தக் கடிதம் ஊருக்கு எந்த நாள் வந்தது என்று காட்டும் ஒரே சான்று உறையின் பின்புறத்தில் இருக்கும் அந்த வட்டம்தான். மசங்கலாகக் குத்தாதீர்கள்.

தபாலை அடுக்குவது நீங்கள் நடக்கும் வரிசைப்படி இருக்க வேண்டும். தெருப் பெயரின் அகர வரிசைப்படி அன்று. இடப்புற வீடுகளை முடித்துவிட்டு வலப்புறம் திரும்புவதா, இருபுறமும் மாறிமாறிப் போவதா என்பதை முதல் மாதத்துக்குள் முடிவுசெய்து, பிறகு மாற்றாதீர்கள். மக்களும் உங்கள் நேரத்தைப் பழகிக்கொள்வார்கள். காடு கழனிக்குப் போகிறவர்கள் உங்களுக்காக அரை மணி நேரம் தாமதிப்பார்கள். கையெழுத்து வாங்க வேண்டிய உருப்படிகளைத் தனிக் கட்டாக வைத்துக்கொண்டு, அந்தந்த வீட்டுச் சாதாரணத் தபாலின்மேல் ஓர் அடையாளச் சீட்டைச் செருகிவிட்டால், வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரும் நடை மிச்சம். கருவியின் மின்கலத்தை முந்தின இரவே நிரப்பிவிடுங்கள். எந்தத் தெருவில் அலைவரிசை கிடைக்காது என்பதும் குறிப்பேட்டில் இருக்க வேண்டிய செய்தி.

யார் கையில் கொடுப்பது

சாதாரணக் கடிதத்தை விலாசத்திலுள்ள வீட்டில் கொடுத்தால் போதும். கையெழுத்து வாங்கிக் கணக்கு வைக்கப்படும் தபாலில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லாமல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், பழைய ஊழியர்கள் சொல்லும் வழக்கத்தை அப்படியே பின்பற்ற முடியாது. இப்போது விரைவுத் தபால் விலாசத்தைச் சார்ந்தது. அனுப்புகிறவர் கூடுதல் கட்டணம் கட்டிப் ‘பதிவு’ வசதியைச் சேர்த்திருந்தால் அது ஆளைச் சார்ந்ததாகிவிடுகிறது, விலாசதாரரிடமோ அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் தர வேண்டும். கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைச் சொன்னால்தான் கொடுக்கலாம் என்ற வசதியும் வந்திருக்கிறது. அந்த எண்ணைக் கேட்கும்போது, ‘இது இந்தத் தபாலுக்காக மட்டும் வந்த எண், வேறு யார் தொலைபேசியில் கேட்டாலும் சொல்லாதீர்கள்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். இணைய மோசடிக்கு முதியவர்கள் இலக்காகும் காலம் இது.

கடவுச்சீட்டு விண்ணப்பித்தவரின் கையில், அடையாள அட்டையைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ‘அண்ணன்தான் நான், என்னிடம் கொடுங்கள்’ என்று கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவுச் சான்றும் நேரில் தரப்படாமல் விரைவுத் தபாலிலேயே அனுப்பப்படுவதால், வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் பல நாள் வருமானம் உங்கள் பையில் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வயதுவந்த பெண்ணுக்கு வரும் தபாலைத் தந்தையிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிடுவது பல ஊர்களில் யாரும் கேள்வி கேட்காத பழக்கம். தேர்வு நுழைவுச் சீட்டும் பணி நியமன ஆணையும் அப்படிக் கொடுக்கப்பட்டு, அவள் கண்ணுக்கே படாமல் போனதுண்டு. பதிவு வசதி உள்ளதை அவளிடமே கொடுங்கள். சாதாரணக் கடிதமாக இருந்தாலும் அவள் வாசலில் நின்றால் அவள் கையிலேயே கொடுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஊர்த் தெருக்களில் வீட்டு வாசல் வரை போகிற தபால்காரர், காலனிக்குரிய தபாலை மட்டும் முனையிலுள்ள தேநீர்க் கடையில் வைத்துவிட்டு வருகிற வழக்கம் நீங்கள் சேரும் ஊரில் இருந்தால், அதை உங்கள் முதல் நாளிலேயே நிறுத்திவிடுங்கள். கடையில் வைத்த கடிதம் பட்டுவாடா ஆனதாகாது. அஞ்சல்தலைக்குக் கொடுத்த பணம் எல்லாருக்கும் ஒன்று. வாசலும் எல்லாருக்கும் ஒன்றுதான். தூரம், நேரம், மழை என்று எந்தக் காரணம் சொன்னாலும் அது ஒரு தெருவுக்கு மட்டும் பொருந்துகிற காரணமாக இருந்தால், அது காரணமே அன்று.

கொடுக்க முடியாதபோது எழுதும் சொல்

இந்த வேலையில் மிகப் பெரிய பொறுப்பு எது என்று கேட்டால், திரும்பிப் போகும் உறையின்மேல் நீங்கள் எழுதும் ஒற்றை வரி என்பேன். ‘கதவு பூட்டியிருந்தது’, ‘விலாசதாரர் ஊரில் இல்லை’, ‘வாங்க மறுத்தார்’, ‘இடம் மாறிச் சென்றுவிட்டார்’, ‘இப்படி ஒருவர் இங்கு இல்லை’, ‘விலாசம் போதாது’, ‘இறந்துவிட்டார்’ ஆகிய இவை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடிய சொற்கள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் வேறுவேறு விளைவு நிற்கிறது.

காசோலை பணமின்றித் திரும்பிவிட்டால், பணம் வர வேண்டியவர் வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்புகிறார். அது கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் குற்ற வழக்கு இல்லை. கிடைத்ததா என்பதற்குச் சான்று தபால்காரரின் குறிப்பு. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, சரியான விலாசமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். ‘வாங்க மறுத்தார்’ என்று உறை திரும்பினாலும் அந்த அனுமானமே நிற்கும். இல்லை என்று நிறுவும் சுமை விலாசதாரர்மேல் விழும். காசோலை வழக்குகளிலும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் கூறியிருக்கிறது. அப்படியென்றால், கதவு பூட்டியிருந்த ஒரு வீட்டைப் பற்றி நீங்கள் அலுப்பில் ‘மறுத்தார்’ என்று எழுதிவிட்டால், அறிவிப்பைக் கண்ணால்கூடக் காணாத ஒருவர் அதை மறுத்தவராகிவிடுகிறார். மாறாக, வாங்க மறுத்தவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்பதற்காக ‘ஊரில் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால், பணத்தை இழந்து நிற்கிறவரின் வழக்கில் நீங்கள் ஓட்டை போடுகிறீர்கள். இரண்டு பக்கமும் உங்களை அணுகுவார்கள். தேநீர் வாங்கித் தருவார்கள், உறவு சொல்வார்கள். ‘நடந்ததை மட்டும் எழுதுவேன், அண்ணே’ என்ற ஒரே பதிலைப் பழகிக்கொள்ளுங்கள். சில வழக்குகளில் தபால்காரரையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்கள். நடந்ததை எழுதியவருக்கு அங்கே நினைவாற்றல் தேவைப்படாது.

ஆகவே சில பழக்கங்கள். போகாத வீட்டுக்குப் போனதாக ஒருபோதும் குறிக்காதீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு கருவியில் ‘கதவு பூட்டு’ என்று தட்டிவிடுவது இந்த வேலையில் செய்யக்கூடிய தவறுகளில் மிக எளியதும் மிக மோசமானதும். காரணத்தை அந்த வாசலில் நின்றே பதியுங்கள். உறையிலும் தேதியோடும் சுருக்கொப்பத்தோடும் எழுதுங்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில், அவர் எப்போது வருவார் என்று மட்டும் கேளுங்கள். தபால் எங்கிருந்து வந்தது என்று சொல்லாதீர்கள். அறிவிப்புச் சீட்டை விட்டுவிட்டு, பொதுவாக அனுமதிக்கப்படும் ஏழு நாளுக்குள் இன்னொருமுறை, வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் காலை பதினொரு மணிக்கு என்றைக்குமே வீட்டில் இருக்க மாட்டார். அவரைத் தேடி மூன்று நாளும் பதினொரு மணிக்கே போய்விட்டு ‘ஆள் இல்லை’ என்று எழுதினால் எழுத்து உண்மையாக இருக்கலாம், வேலை நடந்ததாகாது. ‘இப்படி ஒருவர் இங்கு இல்லை’ என்பதை மட்டும், குறிப்பேட்டையும் பார்த்து, ஊரில் இரண்டு பெரியவர்களிடமும் விசாரித்த பிறகே எழுதுங்கள். பட்டப்பெயரால் மட்டும் அறியப்பட்ட ஒருவர் இந்த வரியால்தான் தன் தபாலை இழப்பார்.

பணத்தைத் தொடும் இடங்கள்

2018 செப்டம்பர் 1 அன்று அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கி தொடங்கப்பட்டதிலிருந்து தபால்காரர் ஊருக்குள் நடமாடும் வங்கிக் கிளையாகவும் ஆகிவிட்டார். ஆதார் வழியாக எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் வீட்டு வாசலில் பணம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். பென்ஷன்தாரருக்கு ஆயுள் சான்று பதிகிறீர்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். ஈரத்துணியால் விரலைத் துடைத்துப் பார்ப்பது, பெருவிரல் ஒத்துவராவிட்டால் வேறு விரலை முயல்வது, ஆயுள் சான்றுக்கு முகத்தைப் படம்பிடித்து உறுதிசெய்யும் வழியைப் பயன்படுத்துவது என்று பொறுமையாக ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ரேகை விழவில்லை என்று சலித்துக்கொண்டால் அந்தப் பாட்டி தன் கையையே குற்றம் சொல்லிக்கொள்வார்.

ஒவ்வொரு முறை விரல் வைக்கும்போதும் எதற்காக, எவ்வளவு என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இணைப்பு அறுந்து ‘தோல்வி’ என்று வந்தால், கணக்கில் பணம் கழிந்ததா இல்லையா என்று உறுதியான பிறகே மறுபடி விரல் வைக்கச் சொல்லுங்கள். பணத்தை அவர் கையில் எண்ணிக் கொடுத்து, அவரையும் எண்ணச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் பணவிடைக்கு (மணியார்டருக்கு) கைநாட்டு வாங்கும்போது, ஊரில் அறியப்பட்ட, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

மக்களின் சேமிப்புப் புத்தகங்களை ‘உங்களிடமே இருக்கட்டும் தம்பி’ என்று தருவார்கள். வாங்கி வைக்காதீர்கள். மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புத் தொகையை வாங்கினால், அன்றே கணக்கில் ஏற்றிப் புத்தகத்தில் பதிந்து முத்திரையோடு திருப்பித் தந்துவிட வேண்டும். கிளை அஞ்சலகங்களில் நடந்த முறைகேடுகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்கியிருக்கின்றன: அவசரத்துக்கு ஐநூறு ரூபாய், நாளை வைத்துவிடலாம் என்ற எண்ணம், பிறகு அதை மூட ஆயிரம். அலுவலகப் பணத்துக்கும் சொந்தப் பணத்துக்கும் இரண்டு தனிப் பைகள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சில்லறை தேவைப்பட்டாலும் அலுவலகப் பையிலிருந்து மாற்றாதீர்கள். ஆய்வாளரோ ஓவர்சியர் எனப்படும் மேற்பார்வையாளரோ எந்த நேரத்தில் வந்து எண்ணினாலும் கணக்கும் கையிருப்பும் ஒத்திருக்க வேண்டும்.

உடம்பைக் காத்தல்

சைக்கிளோ இருசக்கர வண்டியோ எதுவானாலும், பை முதுகில் இல்லாமல் வண்டியில் தொங்குவது தோளுக்கு நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் தோட்டத்து வீடுகளை முதலில் முடித்துவிட்டு, நிழலுள்ள ஊர்த் தெருக்களைக் கடைசிக்கு வைக்கும்படி வரிசையை மாற்றியமைக்க முடியுமா என்று கிளை அஞ்சல் அலுவலரோடு பேசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உங்களுக்கொரு மழைச்சட்டையும் தபாலுக்கென்று தனியே தடித்த நெகிழிப் பையும் தேவை. மழைச்சட்டையை விட அந்தப் பை முக்கியம்.

நாய்களைப் பற்றி விளையாட்டாகப் பேசுவார்கள், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசலில் நின்று முதலில் குரல் கொடுங்கள். வீட்டார் நாயைப் பிடிக்கும்வரை படலைத் திறக்காதீர்கள். துரத்தினால் ஓடாமல் பையைக் குறுக்கே பிடித்து நில்லுங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ, காயம் சிறிதானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். மஞ்சளும் மிளகாயும் வைத்துக் கட்டாதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அவர்கள் சொல்லும் எல்லாத் தேதிகளிலும் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவது உயிரோடு விளையாடுவது. வெறிநோய் வந்தபின் மருந்து இல்லை.

வாயைக் காத்தல்

எந்த வீட்டுக்கு நகைக்கடன் ஏல அறிவிப்பு வந்திருக்கிறது, எந்த வீட்டுக்கு நீதிமன்றத்திலிருந்து தபால், யார் மகனுக்கு வேலைக்கான ஆணை வந்தது என்பதெல்லாம் ஊருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். நல்ல செய்தியைக்கூட நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். அது அவர்கள் சொல்ல வேண்டிய செய்தி. ஏல அறிவிப்பைக் கொடுக்கும்போது திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால், மற்றத் தபாலைப்போலவே மடித்து, வங்கியின் பெயர் தெரியாமல் நீட்டுங்கள். கையெழுத்து வாங்கும் கருவியின் திரையும் அவர் பக்கம் மட்டும் திரும்பியிருக்கட்டும்.

படிக்கத் தெரியாதவர்கள் கடிதத்தைப் பிரித்துப் படித்துக் காட்டச் சொல்வார்கள். நேரமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். விதி உங்களைப் படிக்கச் சொல்லவில்லை என்பது உண்மைதான்; ஆனால் அவர் அதற்காக இன்னொருவரைத் தேடிப்போனால், அந்தச் செய்தி ஊரெங்கும் போய்விடும். தனியாக அழைத்து, இருப்பதை இருக்கிறபடியே மெல்லப் படித்துச் சொல்லுங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அரசு அறிவிப்பாக இருந்தால், எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதைத் தாளின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். மறந்துவிட்டால் பேரப்பிள்ளை படித்துச் சொல்லும்.

விடுப்பில் போகும்போது

ஆண்டுக்கு 20 நாள் ஊதியத்தோடு கூடிய விடுப்பு உண்டு. அந்த நாட்களில் உங்களுக்குப் பதிலாக வருகிறவர் ஊருக்குப் புதியவராக இருக்கலாம். பெயர்க் குறிப்பேட்டை அப்படியே கொடுத்துவிடாமல், தெரு வரிசையையும் தோட்டத்து வீடுகளுக்கான வழியையும் ஒரே பெயருடையவர்களைப் பிரித்தறியும் தந்தை பெயர்களையும் மட்டும் தனித் தாளில் எடுத்தெழுதி, கிளை அஞ்சல் அலுவலரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அறிவிப்புச் சீட்டு விட்டுக் காத்திருக்கும் தபால்கள் எவை, எந்தத் தேதிக்குள் மறுபடி போக வேண்டும், அந்த வீட்டார் எந்த நேரத்தில் இருப்பார்கள் என்பதையும் அதே தாளின் கீழே எழுதுங்கள். திரும்பி வந்த நாளில், இடைப்பட்ட நாட்களில் ‘ஆள் இல்லை’ என்று குறிக்கப்பட்டு இன்னும் அலுவலகத்திலேயே இருக்கும் உறைகளை முதலில் எடுத்துப் பாருங்கள். அவற்றில் ஒன்றிரண்டு பெயர்களை நீங்கள் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.